முப்பிடாதி இன்று வந்திருந்தாள்

ஏப்ரல் 8, வியாழன்

கல்லூரியை மறுபடி பூட்டிப் பதினாறு நாளாகிறது. பி.எஸ்சி. கணிதம், மூன்றாம் ஆண்டு, கடைசி செமஸ்டர். அதை நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவே உட்கார்ந்து படிக்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அங்கேதான் சிக்னல் நாலு கோடு காட்டுகிறது. பீடிக்கடையில் கொடுத்த போன வருட டைரி ஒன்று எழுதாமல் கிடந்தது. வெளியே சொல்ல முடியாததை எழுதி வைக்கலாம் என்று எடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, அதனால் பயமில்லை.

வெளியே சொல்ல முடியாதது இதுதான்: தினமும் ஆறு பேருக்கு நான் அட்டெண்டன்ஸ் போடுகிறேன். என்னையும் சேர்த்து ஆறு.

எங்கள் வகுப்புக்குப் பொறுப்பு பியூலா மிஸ். பாடம் முடிகிற நேரத்தில் குழுவில் ஒரு லிங்க் போடுவார். உள்ளே ஒரு கணக்கு இருக்கும். எட்டு நிமிடத்துக்குள் அதைப் போட்டு அனுப்பினால் வகுப்புக்கு வந்ததாக அர்த்தம். வந்த பிள்ளையின் வீட்டு நம்பருக்கு, ‘உங்கள் மகள் இன்று வகுப்பில் கலந்துகொண்டார்’ என்று மெசேஜ் தானாகப் போய்விடும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் மிஸ்ஸே வீட்டுக்கு வந்துவிடுவார். இது வெறும் மிரட்டல் இல்லை. முதலாண்டில் இசக்கியம்மாள் படிப்பை விட்டுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போனபோது, நாலாவது நாள் மிஸ் ஸ்கூட்டியில் சூளைக்கே போய், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவள் அப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசி, அவளைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். அதிலிருந்து வகுப்பில் யாருக்கும் இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் வந்ததில்லை.

இப்போது இசக்கி வீட்டில் இருப்பது ஒரே போன், அதில் அவள் தம்பிக்கும் வகுப்பு. முப்பிடாதி ஊர் மலையடிவாரம், கருவந்தாபுரம். அங்கே மெசேஜ் வந்து சேர்வதே பெரிசு, வகுப்பு கேட்கிற அளவுக்கு டவர் கிடையாது. மற்ற மூன்று பேருக்கும் இப்படி ஆளுக்கொரு கதை. எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே டவர், திருப்பூரிலிருந்து அண்ணன் வாங்கி அனுப்பிய போன் கையில். எல்லாருக்கும் கல்லூரி கொடுத்த ஐடிதான், பதிவெண்தான் பாஸ்வேர்டு. அதை மாற்றுவது எப்படி என்று ஒருத்திக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்டார்கள், செய்கிறேன். இதில் என்ன தப்பு இருக்கிறது?

ஏப்ரல் 9, வெள்ளி

எட்டு நிமிடத்தில் ஆறு பேர். ஒரு ஐடியிலிருந்து வெளியே வந்து இன்னொன்றில் நுழைந்து, விடையைப் போட்டு, மறுபடி வெளியே வந்து... போன் தோசைக்கல்லாகச் சுடுகிறது. ஈரத்துணியை மடித்து அதன்மேல் வைத்துக்கொள்கிறேன். அம்மா பீடி இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“ஏட்டி, பாடம் படிக்கியா, அந்தப் போனப் போட்டுக் கொத்துதியா? வெரலு தேஞ்சிரும் பாத்துக்கோ.”

தேயட்டும்.

ஏப்ரல் 15, வியாழன்

ஆறு பேருக்கும் ஒரே விடை போட்டால் மிஸ் பிடித்துவிடுவார். அவர் கண் அப்படி. அதனால் நான் ஒவ்வொருத்தியாக மாறித்தான் போட வேண்டியிருக்கிறது. இசக்கி என்றால் கழித்தல் குறியைக் கோட்டை விடுவாள், கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாம். இன்னொருத்தி பாதி வரைக்கும் சரியாக வந்து, மீதியை ‘அவ்வாறே’ என்று முடிப்பாள். இதெல்லாம் சுலபம். தப்பாகப் போட எவ்வளவு நேரமாகும்?

கஷ்டம் முப்பிடாதிதான். மூன்று வருடமாக வகுப்பில் அவள்தான் முதல். நாங்களெல்லாம் ஒரு பக்கம் எழுதுகிற கணக்கை அவள் நாலே வரியில் முடித்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவளுக்கு மட்டும் சுமாரான விடை போட முடியாது. இன்று என்னுடையதை ஒரு நிமிடத்தில் ஏதோ எழுதி அனுப்பிவிட்டு, மீதி நேரமெல்லாம் அவளுடைய நாலு வரியைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டேன். ஐந்து வரிதான் வந்தது. பரவாயில்லை.

மாலையில் அவள் குளத்தங்கரை மேட்டில் ஏறி நின்று கூப்பிட்டாள். “செண்பா, நீ இல்லன்னா நான் என்ன செய்வேன். ஒரு நாளு இங்கன ஏறி நின்னு மிஸ் பாடத்தக் கேட்டேன் பாத்துக்கோ. தவளச் சத்தந்தான் கேக்கு, மிஸ்ஸு வாய் மட்டும் அசையுது” என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இனிமேல் அப்பா குளத்துப் பக்கம் விடமாட்டார் போலிருக்கிறது, கொரோனா என்கிறார் என்றாள். அதற்குள் கட்டாகிவிட்டது.

ஏப்ரல் 20, செவ்வாய்

மிஸ் இன்று வகுப்பு தொடங்கியதும், நேற்றைய கணக்கில் ஒரு விடையை எல்லாருக்கும் காட்டப்போகிறேன் என்றார். மிஸ் வீட்டில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறார், அவர் மகள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மிஸ் எழுத எழுத எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது என் விடை. மூன்றே வரி. நேற்று லிங்க் வந்து ஆறாவது நிமிடத்தில் மனசுக்குள் வந்தது.

“முப்பிடாதி, ரொம்ப அழகா போட்டுருக்கம்மா. எம்.எஸ்சி.க்கு நானே ஒன்னச் சேத்துவிடுதேன்” என்றார்.

அவளுக்காக நான்தானே பதில் சொல்ல வேண்டும்? அவள் ஐடிக்குள் போய், ‘நன்றி மிஸ்’ என்று அடித்து அனுப்பினேன். பிறகு என்னுடைய ஐடிக்கு வந்து, கை தட்டுகிற படமும் ஒன்று போட்டேன்.

ரொம்ப நேரம் ஒன்றும் ஓடவில்லை. எழுந்து போய் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றினேன். நாலு கட்டு சுற்றியும் மனசு ஆறவில்லை. கோபமா, சந்தோஷமா? இரண்டும்தான்.

ஏப்ரல் 23, வெள்ளி

இன்றும் முப்பிடாதிக்குப் பத்துக்குப் பத்து. எனக்கு ஆறு.

ஏப்ரல் 29, வியாழன்

திமிரைப் பார். ‘இனி எனக்கு போடாத’ என்று ஒரு மெசேஜ். மூன்று சொல், அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை, நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை. மூன்று வாரமாக என் டேட்டாவைப் போட்டு, என் நேரத்தைப் போட்டு, என் மூளையைப் போட்டு இவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இப்போது என்னவோ நான் அவள் வீட்டுக் கொல்லையில் இறங்கிக் கீரை பறித்த மாதிரி.

எனக்குக் காரணம் தெரியும். மிஸ் எம்.எஸ்சி. என்று சொன்னது யார் மூலமாகவாவது காதுக்குப் போயிருக்கும். என் விடையில் பேர் வாங்க மகாராணிக்கு மானம் தடுக்கிறது.

ஏப்ரல் 30, வெள்ளி

போட்டேன். வேண்டாம் என்றால் விட்டுவிட முடியுமா? அட்டெண்டன்ஸ் குறைந்து பரீட்சை எழுத விடாமல் செய்துவிட்டால் அப்போது யார் தலையில் விழும்? அவளுக்குப் புரியாது, அவ்வளவுதான். நல்லதுக்குத்தான் செய்கிறேன்.

இன்றைய கணக்கு அருமையான கணக்கு. அதைப் போடாமல் விட மனசும் வராது.

மே 4, செவ்வாய்

முப்பிடாதிக்கு, ‘என்னட்டி கோவம்’ என்று அனுப்பினேன். ஒற்றை டிக். காலையில் பார்த்தேன், பால் காய்ச்சும்போது பார்த்தேன், ரேஷன் கடை வரிசையில் நின்று பார்த்தேன். ஒற்றை டிக்தான். போன் பண்ணினால் அணைத்து வைத்திருக்கிறது. கிடக்கட்டும் கழுதை. எனக்கென்ன வந்தது.

மே 10, திங்கள்

இன்றிலிருந்து முழு ஊரடங்கு. பீடிக்கடை அடைத்துவிட்டார்கள், இலையும் இல்லை தூளும் இல்லை. அம்மாவுக்குக் கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்காது. கேரளாவில் கொத்தனார் வேலைக்குப் போன அப்பாவும் அங்கேயே மாட்டிக்கொண்டார். தினமும் மூன்று தடவை போன் பண்ணிச் சாப்பிட்டியா, சாப்பிட்டியா என்று அம்மா கேட்கிறாள். என் டேட்டாவுக்கு நடுவே இந்தப் போன்.

எதிர்த்த தெருவுக்கு ஆம்புலன்ஸ் வந்து போயிற்று. யாரும் கதவைத் திறந்து பார்க்கவில்லை.

மே 13, வியாழன்

இசக்கி தம்பி போனிலிருந்து பேசினாள். முப்பிடாதியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்களாம். இசக்கியின் சித்தி ஊருக்கு மண்ணெண்ணெய் வாங்க வந்த கருவந்தாபுரத்துப் பொம்பளை சொன்னாளாம். இப்போது கல்யாணம் வைத்தால் ஐம்பது பேருக்கு மேல் கூடாதே, பந்திச் செலவு மிச்சம் என்று எல்லாரும் அவசர அவசரமாகப் பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறார்களாம்.

“நீ அவகிட்ட கேட்டியாட்டி?” என்றாள்.

நான் ஏன் கேட்க வேண்டும்? அப்படி இருந்தால் என்னிடம் சொல்லாமல் இருப்பாளா? முதல் நாள் முதல் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள். என் டப்பாவில் பாதி அவள் சாப்பாடு, அவள் டப்பாவில் பாதி என் சாப்பாடு. ஊரில் ஆயிரம் பேசுவார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மே 14, வெள்ளி

மிஸ்ஸிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். என்னவென்று சொல்வது? அவள்தான் தினமும் வகுப்புக்கு வருகிறாளே.

மே 18, செவ்வாய்

முப்பிடாதி இன்றும் வந்திருந்தாள். பத்துக்குப் பத்து.

மே 24, திங்கள்

பன்னிரண்டு பத்துக்கு லிங்க் வந்தது. பெரிய கணக்கு. எனக்கு இரண்டு வழி தெரிந்தது. நீளமானதை எனக்குப் போட்டு, குட்டையானதை முப்பிடாதிக்குப் போட்டேன். மிஸ் உடனே குழுவில் அவள் பேரைப் போட்டு ஒரு நட்சத்திரம் வைத்தார்.

நாலு மணிக்கு இசக்கி ஒரு படம் அனுப்பினாள். அவள் தம்பி யாருடைய ஸ்டேட்டஸிலிருந்தோ எடுத்தது. கழுத்தில் மாலை, தாலி, முகக்கவசம் தாடைக்குக் கீழே. பக்கத்தில் ஒரு ஆள். முப்பிடாதி கேமராவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கீழே எழுதியிருக்கிறது: இன்று பகல் பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரைக்குள் முகூர்த்தம்.

அவள் கழுத்தில் தாலி ஏறின நேரத்தில் நான் அவளாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் அப்பா போனுக்கு, ‘உங்கள் மகள் இன்று வகுப்பில் கலந்துகொண்டார்’ என்று போயிருக்கும். பந்தலிலேயே வைத்துப் படித்திருப்பார்.

சாப்பிட முடியவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லையே என்றாள்.

மே 25, செவ்வாய்

இன்று அவளுக்குப் போடவில்லை. யாருக்குமே போடவில்லை. எனக்கும் போடவில்லை.

மிஸ் நம்பரை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். கோழிக்குத் தீனி போட்டேன். மறுபடி எடுத்தேன். என்னைக் கல்லூரியை விட்டு அனுப்பிவிட்டால்? இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. மூன்று வருடம் அம்மா சுற்றின பீடியெல்லாம் வீணா?

மே 26, புதன்

சொல்லிவிட்டேன். ஆறு பேர், ஏழு வாரம், எல்லாவற்றையும். முப்பிடாதி கல்யாணத்தையும் சொன்னேன். நடுவில் லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை ‘மிஸ், மிஸ்’ என்றேன். கடைசியில் “அவ ஊருக்குப் போற வழியச் சொல்லு” என்றார். சொன்னேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

மே 28, வெள்ளி

மிஸ் போய்விட்டு வந்து இன்று காலையில் கூப்பிட்டார். வழியில் மூன்று இடத்தில் போலீஸ் நிறுத்தியிருக்கிறது. மூன்று இடத்திலும் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டிப் பேசி, ஒரு வழியாகக் கருவந்தாபுரம் போயிருக்கிறார். மறுவீட்டுக்கு வந்திருந்ததால் முப்பிடாதி அங்கேயே இருந்திருக்கிறாள். அவள் அப்பா வாசலிலேயே நின்றுகொண்டு போனை எடுத்து நீட்டினாராம். ஏப்ரலிலிருந்து ஒரு நாள் விடாமல் வந்த மெசேஜ் அத்தனையும் வரிசையாக. “எம் பிள்ள தெனமும் படிக்கான்னு நீங்கதான அனுப்புனிய? படிக்கத நாங்க எங்க நிறுத்துனோம்?” என்று கேட்டாராம்.

பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். ஏப்ரல் கடைசியிலேயே பேச்சு முடிந்துவிட்டதாம். வேண்டாம் என்று அழுதிருக்கிறாள். போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டு, தன் கண் முன்னால் மட்டும் கொடுத்து, அனுப்புவதையெல்லாம் பார்ப்பாராம். மே முதல் வாரத்தில் அதுவும் நின்றுவிட்டதாம்.

“செண்பகவல்லி, அவ என்ன சொன்னா தெரியுமா?” என்றார் மிஸ். “ ‘மூணு நாளு வரலன்னா நீங்க வந்துருவியன்னு இருந்தேன் மிஸ். ஒரு மாசமா தெனமும் வாசலப் பாத்தேன்’னா.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“போடாதன்னு ஒங்கிட்ட சொன்னாளாமே. அத நீ ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

மிஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வைத்துவிட்டார்.

மே 29, சனி

உள்ளதை எழுதுகிறேன். அவள் அனுப்பியது ஒரு மெசேஜ் இல்லை, மூன்று. முதலாவது ஏப்ரல் 29. இரண்டாவது மே 2, ‘செண்பா போடாத, ஒரு நாளும் போடாத’. மூன்றாவது அதற்கு மறுநாள், ‘உன் காலில் விழுறேன், மூணு நாள் மட்டும் போடாம இரு’.

இரண்டாவதைப் படித்த கையோடு அழித்தேன். மூன்றாவதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் வைத்திருந்து அழித்தேன். மூன்று நாள் என்று அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாள், செங்கல் சூளை கதை தெரிந்த எனக்கு அது எதற்கென்று விளங்கவில்லையாம். விளங்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மிஸ் காலையில் அவள் விடையைப் பலகையில் எழுதியிருந்தார். அது என் விடை. மூன்று நாள் போடாமல் இருந்தால் மூன்று நாள் நான் வெறும் செண்பகவல்லி. ஆறு மார்க் செண்பகவல்லி.

வெட்கமாக இருக்கிறது. எழுதினாலும் குறையவில்லை.

ஜூன் 2, புதன்

மற்ற நாலு பேர் வீட்டுக்கும் மிஸ் போன் பண்ணிப் பேசிவிட்டார். இனி யார் ஐடியையும் தொடக்கூடாது என்று என்னிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார். இப்போது அவர்களுக்குப் பாடம் தாளில் எழுதித் தபாலில் வருகிறது. இசக்கி கூப்பிட்டு, காட்டிக்கொடுத்துட்டியேட்டி என்று அரை மணி நேரம் வைதாள். வாங்கிக்கொண்டேன். முடிக்கும்போது, தபாலில் வந்த மிஸ் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது, பாடம் இப்போதுதான் புரிகிறது என்றாள். வைதது பாதி, இது பாதி.

ஜூன் 9, புதன்

கல்லூரியிலிருந்து சுற்றறிக்கை. ஊரடங்கு காரணமாக இந்த செமஸ்டருக்கு அட்டெண்டன்ஸ் பார்க்கமாட்டார்கள். எல்லாரும் பரீட்சை எழுதலாம்.

நான் அதை நாலு தடவை படித்தேன். அவளுக்கு அட்டெண்டன்ஸ் குறைந்துவிடும் என்றுதானே போட்டேன்? அந்தச் சாக்கும் போயிற்று.

ஜூன் 16, புதன்

முப்பிடாதி சங்கரன்கோவில் பக்கம் புருசன் வீட்டில் இருக்கிறாளாம். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பரீட்சை மட்டும் எழுத விடுங்கள் என்று மிஸ் அவரிடம் கேட்டதற்கு, பார்ப்போம் மேடம் என்றாராம். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம்? பார்ப்போம் என்று சொல்லிவிட்டு எதையாவது பார்த்த ஆம்பிளை உண்டா? அவள் எழுதாவிட்டால் மூன்று வருடமும் போயிற்று. அடுத்த வருடம் கைக்குழந்தையோடு அரியர் எழுத யார் அனுப்புவார்கள்?

மிஸ்ஸிடம் அவளுடைய இப்போதைய நம்பர் கேட்டேன். “அவளா கூப்பிட்டா பேசு” என்றார்.

அவள் கூப்பிடவில்லை.

ஜூன் 30, புதன்

பரீட்சை ஜூலை 5, திங்கள். வீட்டிலிருந்தே எழுத வேண்டும். பத்து மணிக்கு வினாத்தாள் வரும், ஒரு மணிக்கு எழுதி முடித்து, படம் பிடித்து பி.டி.எஃப். ஆக்கி இரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். பிறகு தாளைத் தபாலில் போட வேண்டும். வெள்ளைத்தாளுக்குக் கடை கடையாக அலைந்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் பாதிக் கதவைத் திறந்து, கட்டைப் பிரித்து எண்ணிக் கொடுத்தார்.

நாற்பது தாள் போதும். எண்பது வாங்கினேன். சும்மா, கையில் இருக்கட்டும் என்று.

ஜூலை 4, ஞாயிறு

எண்பது தாளுக்கும் ஓரம் கோடு போட்டேன். அம்மா வந்து, இவ்வளவையுமா எழுதுவ என்றாள். ஆமாம் என்றேன்.

இனி இன்னொருத்தி ஐடியைத் தொடமாட்டேன் என்று மிஸ்ஸுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கொடுத்தது நினைவிருக்கிறது. ஆனால் நான்தானே கெடுத்தேன், நான் சரி செய்தால் என்ன? பாஸ் ஆகிற அளவுக்கு மட்டும். அவள் எழுத்து மாதிரி சாய்த்து எழுத எனக்கு நன்றாகவே வரும்.

ஜூலை 5, திங்கள்

இப்போது மணி நாலு. நடந்ததை நடந்த மாதிரியே எழுதிவிடுகிறேன்.

வினாத்தாள் சுலபம். ஏழு வாரம் முப்பிடாதியாக இருந்து படித்ததற்கு, என் பரீட்சையைப் பன்னிரண்டு மணிக்கெல்லாம் முடித்துவிட்டேன். பிறகு அடுத்த கட்டுத் தாளை எடுத்து, மேலே அவள் பதிவெண்ணை எழுதினேன். ஒரு மணி வரைக்கும் தலை நிமிரவில்லை. அம்மா தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனதுகூடத் தெரியாது.

என் தாள்களைப் படம் பிடித்து ஏற்றினேன். அதற்குள் ஒன்றே கால். உடனே அவளுடையதை எடுத்து வெயில் படுகிற இடத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் படம் பிடித்தேன். காற்று ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு போய்க் கோழிக்கூட்டில் போட்டது, ஓடிப்போய் எடுத்து வந்தேன். ஒன்றரைக்கு மிஸ் குழுவில் போட்டார்: இன்னும் வராதவை ஒன்பது. கடைசியில் முப்பிடாதி பேர். ஒன்று நாற்பதுக்கு மறுபடி போட்டார். நாலு பேர். முப்பிடாதி இருக்கிறாளா என்றுதான் பார்த்தேன். இருந்தாள். மற்றப் பேரைப் பார்க்கவில்லை.

அந்த ஆள் விடவில்லை என்று தெரிந்துவிட்டது. எனக்கு அழுகையாக வந்தது. என் ஐடியிலிருந்து வெளியே வந்து அவள் ஐடியை அடித்தேன். அவள் பதிவெண்ணை அடித்தேன்.

தவறான பாஸ்வேர்டு என்றது.

அவசரத்தில் மாற்றி அடித்துவிட்டேன் என்று மறுபடி அடித்தேன். மெதுவாக, ஒவ்வொரு எண்ணாக வாயால் சொல்லிக்கொண்டு அடித்தேன். அப்போதுதான் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். இந்த பாஸ்வேர்டு இரண்டு நாட்களுக்கு முன்பு மாற்றப்பட்டது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யார் மாற்றியிருப்பார்கள்? அந்த லோடு ஆட்டோக்காரரா? அவருக்கு அவள் பதிவெண் எப்படித் தெரியும்? அவள்தான். நாங்கள் நாற்பத்தோரு பேரும் மூன்று வருடத்தில் கற்றுக்கொள்ளாத ஒன்றை அவள் யாரிடமோ கேட்டு, எப்படியோ போனை வாங்கி, என்னை வெளியே வைத்துப் பூட்டியிருக்கிறாள். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதே நேரத்தில் சந்தோஷம் தாங்க முடியவில்லை. அவள் கையில் ஒரு போன் இருக்கிறது. ஆனால் அவள் பேர் இன்னும் வராத பட்டியலில் இருக்கிறதே, போன் இருந்தும் எழுத விடவில்லையோ, சிக்னல் இல்லையோ, என்னால் இனி ஒன்றும் செய்ய முடியாதே என்று அந்தத் தாள்களை மடியில் போட்டுக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

போன் அடித்தது. பியூலா மிஸ்.

“செண்பகவல்லி, என்னம்மா செய்யுத? மணி ஒண்ணு அம்பத்தாறு. எல்லாரும் அனுப்பியாச்சு, நீ ஒருத்திதான் பாக்கி.”

நான் ஏற்றிவிட்டேனே என்றேன். ஏத்தினா போதுமா, கடைசியில் ‘சமர்ப்பி’ அழுத்தினியா என்றார். அழுத்தவில்லை. அழுத்தாமலேதான் அவள் தாளைப் படம் பிடிக்க ஓடியிருக்கிறேன்.

“எல்லாருமா மிஸ்?” என்றேன்.

“எல்லாருந்தாம்மா. அவளுந்தான். நீ ஒன் பேப்பர அனுப்பு மொதல்ல.”

என் ஐடியை அடித்தேன். கண்ணீரில் எழுத்து தெரியவில்லை, இரண்டு தடவை தப்பாயிற்று. மூன்றாவது தடவை உள்ளே போய், என் பேரைப் பார்த்து, அழுத்தினேன்.